வெங்காயச் சூப்பும் மிளகுத்தண்ணீரும்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஒருநாள் மாலை, அடைமழை விடாது பெய்துகொண்டிருந்தது. சந்திரகிரி மலை முகிலுக்குள் மறைந்து கிடந்தது. நம் குடியிருப்பில் நாம் நன்கறிந்த ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெண், கல்லூரியிற் பயில்பவள், அடுப்படியில் நின்று ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். வெங்காயம் வெண்ணெயில் வதங்கிச் சிவக்கும் மணம் கூடம் முழுவதும் நிறைந்திருந்தது. கட்டிலிற் படுத்திருந்த அவள் பாட்டியார் தலையைத் தூக்கி, "ஏண்டி, வடவம் தாளிக்கிறாயா?" என்று வினவினார். "இல்லை பாட்டி, இது பிரெஞ்சு வெங்காயச் சூப்" என்றாள் பெண். "எந்த ஊர்ப் பேர் வைத்தாலும் மணம் வடவ மணந்தான்" என்று கூறிப் பாட்டியார் மீண்டும் தலை சாய்த்தார்.

சூப்பைச் சுவைத்துக்கொண்டே நாம் அப்பெண்ணிடம் வேறு என்னென்ன சூப்புகள் தெரியும் என்று கேட்டோம். தக்காளிச் சூப், காளான் சூப் என அடுக்கியவள், "முல்லிகட்டானி என்று ஒன்று உண்டு, பெரிய ஓட்டலில் ஒருமுறை சாப்பிட்டோம், அது இங்கிலீஷ்காரர் சூப்" என்றாள். முல்லிகட்டானி என்பது மிளகுத்தண்ணீர் என்னும் தமிழ்ச் சொல்லே என்பதை அவள் அறியாள். பாட்டியார் ஓட்டலுக்குச் சென்றவரல்லர். ஆதலின் அவரும் அறியார். ஒரே வீட்டில் அச்சொல்லுக்கு உரிய இருவரும் இருந்தனர். அவர்களை இணைக்க வேண்டிய செய்தி மட்டும் இடையில் அறுந்து கிடந்தது. அச்செய்தியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரெஞ்சு நாட்டு வெங்காயச் சூப்

முதலில் அப்பெண் சமைத்த சூப்பின் வரலாற்றைப் பார்ப்போம். இன்று உயர்தர ஓட்டல்களில் மிகுந்த விலைக்கு விற்கப்படும் வெங்காயச் சூப், பிறப்பால் ஏழையர் உணவு. எந்தக் காலத்திலும் எளிதிற் கிடைப்பது வெங்காயம். பழைய ரொட்டி காய்ந்து கடினமாகிவிடின் அதனை எறியாமல் நனைத்துண்ணச் சுடுசாறு வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே அச்சூப். 1651-ஆம் ஆண்டில் லா வரேன் என்னும் சமையற் கலைஞர் வெளியிட்ட பிரெஞ்சு நூலில், மெல்லிதாக அரிந்த வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி ரொட்டியுடன் பரிமாறும் சாறு இடம்பெற்றுள்ளது.

நாவலாசிரியராக உலகறிந்த அலெக்சாந்தர் தூமா, தம் இறுதிக் காலத்தில் ஒரு பெரிய சமையல் அகராதி எழுதினார். அவர் மறைந்தபின், 1873-இல் அது வெளிவந்தது. அதில் அவர் ஒரு கதை கூறுகிறார். போலந்து நாட்டின் முன்னாள் அரசர் ஸ்தனிஸ்லாஸ், பிரெஞ்சு அரசியாகிய தம் மகளைக் காணச் செல்லும் வழியில் ஒரு விடுதியில் தங்கினார். அங்குப் பரிமாறப்பட்ட வெங்காயச் சூப்பின் சுவை அவரைக் கவர்ந்தது. அதனைச் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் புறப்பட அவர் மனம் ஒப்பவில்லை. இரவு உடையுடனே அடுக்களைக்குள் இறங்கி, புகையையும் வெங்காயக் கண்ணீரையும் பொருட்படுத்தாது, சமையற்காரர் செய்வதைக் கூர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டாராம். அச்சூப்புக்கு அரசர் பெயரே சூட்டப்பட்டது. கற்பித்தவர் விடுதிச் சமையற்காரர்; பெயர் பெற்றவர் அரசர். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பின்னாளில் பாரிசு நகரின் நடுவே இருந்த லே ஹால் என்னும் பெருஞ்சந்தையில், இரவெல்லாம் மூட்டை சுமந்த கூலியாட்களும் வணிகரும் விடியற்காலையில் குளிர் நீங்க இச்சூப்பை உண்டனர். இரவு நாடகம் கண்டு திரும்பிய செல்வரும் அதே கடைகளில் அமர்ந்து அதையே உண்டனர். 1969-இல் அச்சந்தை நகருக்கு வெளியே ரன்ழீ என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. சந்தை பெயர்ந்தும் சூப் நிலைத்தது.

சந்திரகிரி தந்த நிலம்

லா வரேனின் நூல் பாரிசில் வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன், நம் கண்ணெதிரே நிற்கும் இம்மலைக்கோட்டையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி நடந்தது.

பொன்முகலி ஆற்றங்கரையை அடுத்த சந்திரகிரி, விஜயநகர வரலாற்றில் பேரிடம் பெற்ற ஊர். 1485-இல் விஜயநகர அரியணையைக் கைப்பற்றிய சாளுவ நரசிம்மர், அதற்கு முன் இங்கிருந்தே வலிமை பெற்று வளர்ந்தவர். 1565-ஆம் ஆண்டின் தலைக்கோட்டைப் போருக்குப்பின் பேரரசு தென்திசை நோக்கி ஒதுங்கியபோது, பெனுகொண்டாவுக்கு அடுத்துச் சந்திரகிரி தலைநகராயிற்று. இன்று தொல்பொருள் துறையின் அருங்காட்சியகமாக விளங்கும் ராஜமகாலை நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருப்பர்.

இவ்வரசமரபின் ஆட்சிக்குட்பட்டுக் கடற்கரைப் பகுதியைக் காத்துவந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். 1639-ஆம் ஆண்டில் அவரிடமிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே என்பார் மதராசப்பட்டினத்து மணற்பரப்பில் கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். நாயக்கரின் தந்தையாராகிய சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டினம் தோன்றிற்று. 1645-இல் பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அவ்வுரிமையை உறுதிசெய்தார். பட்டயம் இச்சந்திரகிரி அரண்மனையிலேயே வழங்கப்பட்டது என்பது இவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

இப்பட்டயத்தால் விளைந்த அரசியலை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். அடுக்களையில் விளைந்ததை அவை பேசா. கோட்டைக்குள் குடியேறிய வெள்ளையருக்குச் சமைத்தோர் யார்? சுற்றுப்புறத்துத் தமிழ் மக்களே. வெள்ளையர் உணவு முறையில் முதலில் வருவது சூப். அவர்கள் 'சூப் எங்கே?' என்று கேட்டபோது, நம் சமையற்காரர் கையில் இருந்த சாறு எது? மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுப் புளி கரைத்துக் கொதிக்கவைத்த மிளகுத்தண்ணீர். நாம் சோற்றிற் பிசைந்துண்ணும் இரசம், அவர்கள் மேசையில் கிண்ணத்தில் ஏறிற்று.

மிளகுத்தண்ணீர் கடல் கடந்த கதை

ஆங்கிலத்தில் வழங்கும் இந்தியச் சொற்களைத் தொகுத்து யூல், பர்னெல் என்னும் இருவர் 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, முல்லிகட்டானி என்பது தமிழ் 'மிளகுத்தண்ணீர்' என்பதன் திரிபே என்று தெளிவாகக் கூறுகிறது. அச்சொல் ஆங்கிலத்தில் வழங்கியமைக்குச் சான்றாக அவ்வகராதி முதலிற் காட்டுவது 1784-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று. ஐதர் அலியிடம் சிறைப்பட்டுப் பெங்களூர்ச் சிறையில் இருந்த ஓர் ஆங்கிலக் கடற்படையாளர் பாடியது அது. சிறையில் தமக்குக் கிடைத்த உணவாக அவர் மிளகுத்தண்ணீரையும் கஞ்சியையும் குறிப்பிடுகிறார். இவ்விரு தமிழ்ச் சொற்களும் ஆங்கிலத்தில் ஏறிய இடங்களுள் ஒன்று, இங்ஙனம், சிறைச்சாலைச் சட்டியாகும்.

சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் இதனை எவ்வளவு உண்டனர் என்பதற்கு மற்றொரு சான்றும் அவ்வகராதியில் உண்டு. வங்கத்திலும் பம்பாயிலும் இருந்த வெள்ளையர், சென்னை மாகாணத்து வெள்ளையருக்கு 'மல்' என்று ஒரு பட்டப்பெயர் இட்டிருந்தனர். முல்லிகட்டானியின் சுருக்கமே அது.

பின்னர் அச்சூப் கப்பலேறி இலண்டன் சென்றது. 1817-இல் முதன்முதல் வெளிவந்த கிச்சினர் என்பாரின் சமையல் நூலில், பிற்பதிப்பொன்றில் இதன் செய்முறை உண்டு. காப்பிக் கடைச் சன்னல்களில் இப்புதுச்சொல்லை ஒட்டிவைத்திருப்பதைக் கண்டு தெருவிற் போவோர் திகைத்து நிற்கின்றனர் என்று அவர் நகைச்சுவையுடன் எழுதி, அதன் பொருள் மிளகு நீர் என்றும் விளக்குகிறார்.

1861-இல் வெளிவந்து ஆங்கில இல்லங்களில் எல்லாம் இடம்பெற்ற பீட்டன் அம்மையாரின் நூலில் முல்லிகட்டானி எவ்வாறு இருக்கிறது என்று காண்போர் வியப்புறுவர். அதில் ஆறு வெங்காயம், ஒரு பல் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி கறிப்பொடி, அரைத்த பாதாம் பருப்பு, பன்றி இறைச்சித் துண்டுகள், ஒரு கோழி அல்லது முயல் ஆகியவை சேர்கின்றன. புளி போயிற்று, எலுமிச்சை ஊறுகாயோ மாங்காய்ச் சாறோ அவ்விடத்தில் வந்தது. செய்முறையின் முதற்படி, வெங்காயத்தை அரிந்து நல்ல நிறம் வரும்வரை வறுப்பது! நம் மிளகுத்தண்ணீர், பிரெஞ்சுக்காரரின் வெங்காயச் சூப்போடு இங்கே கைகோத்துக்கொண்டது. ஆயினும் ஒரு பழைய நினைவு மட்டும் அதைவிட்டு நீங்கவில்லை. அச்சூப்பை வேகவைத்த சோற்றுடன் பரிமாற வேண்டும் என்கிறார் அவ்வம்மையார். சூப்புடன் சோறு ஏன் என்று எத்தனை ஆங்கிலேயர் எண்ணிப் பார்த்தனரோ? இரசச்சோறு உண்ட கையின் நினைவே அது.

சென்னைப் படையில் பணியாற்றிய கென்னி-ஹெர்பர்ட் என்பார், 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் 1878-இல் சென்னைவாழ் ஆங்கிலேயருக்கென ஒரு சமையல் நூல் எழுதினார். இச்சொல்லின் இரு தமிழ்ப் பகுதிகளையும் பிரித்துக் காட்டி, இந்நாட்டார் உண்பது எளிய மிளகு நீர் என்றும், இறைச்சி முதலியன சேர்த்த வளமான சூப் அதன்மேற் கட்டப்பட்டது என்றும் அவர் விளக்கியுள்ளார். அடித்தளம் யாருடையது என்பதை அவர் மறைக்கவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் அரசரின் கதையை இங்கு மீண்டும் நினைவுகூர்வோம். அங்கே சூப்புக்கு அரசர் பெயர் இட்டனர். இங்கே கோட்டை கட்டியவர் பெயரோ, பட்டயம் அளித்தவர் பெயரோ சூப்புக்கு ஏறவில்லை. அடுப்படியில் நின்ற சமையற்காரர் எந்தச் சொல்லை வாயாற் சொன்னாரோ, அச்சொல்லே பெயராயிற்று. கொதிக்கக் கொதிக்கப் பரிமாறுவதைத் 'தண்' என்னும் குளிர்ச்சிச் சொல்லடங்கிய 'தண்ணீர்' என்று அழைப்பது தமிழர் வழக்கு. அவ்வழக்கும் மாறாமல் இலண்டன் வரை சென்றது. அச்சமையற்காரர்களின் பெயரை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. அவர்கள் மொழியே அவர்களுக்குச் சான்றாக நிற்கிறது.

புதுச்சேரி வழியே சென்ற வடவம்

ஆங்கிலேயர் கோட்டையிலிருந்து மிளகுத்தண்ணீர் சென்றது போலவே, பிரெஞ்சுக்காரர் நகரிலிருந்து மற்றொரு தமிழ்ப் பொருள் புறப்பட்டது. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிறுவினார். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவ்வூர் நிருவாகம் இந்தியாவிடம் வரும்வரை, இடையிடையே கைமாறியும், அந்நாட்டார் தொடர்பு அங்கு நிலைத்திருந்தது. இந்நெடுங்காலப் பழக்கத்தில் புதுச்சேரி அடுக்களைகளிலிருந்து பிரெஞ்சு மொழிக்குள் ஏறிய ஒரு சொல் 'வதுவான்'. அஃது என்ன என்று பார்த்தால், நம் வடவமே!

வடவத்தை நம் பெண்டிர்க்கு விளக்க வேண்டுவதில்லை, இளையோர்க்காகச் சொல்வோம். சின்ன வெங்காயத்தை உரித்து இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைக் கலந்து, ஓரிரவு ஊறவைத்து உருண்டை பிடிப்பர். பங்குனி, சித்திரை வெயிலில் பகலெல்லாம் காயவைத்து, மாலையில் எடுத்து, மறுநாள் மீண்டும் பிசைந்து உருட்டிக் காயவைப்பர். விளக்கெண்ணெய் தடவிக் காத்துவைத்தால் ஆண்டு முழுவதும் தாளிக்க உதவும். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கு வந்த குடும்பங்களில் காரக்குழம்புக்கும் கீரைக்கும் வடவத் தாளிப்பு இன்றியமையாதது.

பிரெஞ்சுக்காரர் இதனையே வெங்காயமும் பூண்டும் மிகுந்த மசாலாவாக ஏற்றுக்கொண்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமையற் கலைஞரிடையேயும் வதுவான் பெரும் விருப்பைப் பெற்றது. அழகிய சிறு புட்டிகளில் அடைத்து விற்கப்படும் அதன்மேல் பிரெஞ்சு மசாலா என்று எழுதியிருப்பதைக் காணலாம். ஆகவே பாட்டியார் கட்டிலிலிருந்து சொன்னது வெறும் முதுமைப் பேச்சன்று. பிரெஞ்சுச் சூப்பில் வடவ மணத்தை அவர் மூக்கு கண்டது வரலாற்றுக்கும் ஒத்ததே.

சந்தையிற் கேட்கும் பழந்தமிழ்

நாம் வாழும் இந்நிலத்தின் எல்லைகள் பன்முறை மாறின. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. சந்திரகிரியும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகியபோது சந்திரகிரி அதனுள் அடங்கிற்று. ஆட்சி எல்லைகள் இங்ஙனம் மாறினும் அடுக்களைச் சொற்கள் எல்லை பார்ப்பதில்லை.

சந்திரகிரிச் சந்தையில் வெங்காயத்தை 'உல்லிபாய' என்பர். அது நம் பழைய 'உள்ளி'. கன்னடத்தார் 'ஈருள்ளி' என்பதும், மலையாளத்தார் 'உள்ளி' என்பதும் அதுவே. நாம் வெங்காயம் என்று பழகி அச்சொல்லைப் பெரும்பாலும் மறந்தோம். அண்டை வீட்டார் நமக்காகக் காத்துவைத்துள்ளனர். மிளகைத் தெலுங்கர் 'மிரியாலு' என்பர். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடப்பட்ட பெரும்பாணாற்றுப்படை, வணிகர் கழுதைகள் மிளகுப்பொதி சுமந்து செல்வதைக் கூறுமிடத்தில் 'மிரியல்' என்னும் சொல்லையே ஆள்கிறது. இரசத்தைத் தெலுங்கர் 'சாரு' என்பர். நம் 'சாறு' அது. ஆகவே அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மையார் தரும் 'மிரியால சாரு' நம் மிளகுச்சாறேயாம். இதில் தமதென்றும் பிறரதென்றும் பூசலிட இடமில்லை. உறவு கொண்டாடவே இடமுண்டு.

மிளகின் தொன்மைக்கு மலைமேலேயே சான்று உண்டு. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளிற் பெரும்பகுதி தமிழில் உள்ளவை. திருவமுதுக்கென அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு, தயிர் ஆகியவற்றை அளவு குறித்து வழங்கிய செய்தியை அவை கூறும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மிளகைப் போன்று காரமுடைய காய் என்பதால் அப்பெயர் பெற்றது. கோயில் அமுதில் வெங்காயத்துக்கு இடமில்லை. மலைமேல் வெங்காயமில்லாச் சுவையும், மலையடிவாரத்தில் வெங்காயச் சுவையும் ஆக இரண்டையும் ஒருங்கே அறிந்தவர் நாம்.

இல்லத்தில் செய்யும் முறை

இவ்வளவு படித்தபின் சூப்பின் செய்முறையைச் சொல்லாது விடுவது முறையன்று. நால்வர்க்குப் போதிய அளவு இது.

பெரிய வெங்காயம் ஒரு கிலோவை உரித்து நீளவாக்கில் மெல்லிதாக அரிக. அடி கனத்த பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் இட்டு, வெங்காயத்தைச் சேர்த்து, மூடிவைத்துச் சிறுதீயில் கால்மணி நேரம் விடுக. பின்னர் மூடியை நீக்கி, ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் தூவி, முக்கால்மணி முதல் ஒருமணி நேரம்வரை அடிக்கடி கிளறுக. இதில் அவசரம் ஆகாது. வெங்காயத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பங்கு நீர். அந்நீர் வற்றும்வரை வெப்பம் கொதிநிலைக்கு மேல் ஏறாது, நிறமும் வாராது. நீர் வற்றியபின்னரே வெங்காயத்தின் சர்க்கரையும் புரதக்கூறுகளும் தம்முள் வினைபுரிந்து செந்நிறத்தையும் நறுமணத்தையும் தோற்றுவிக்கும். இவ்வினையை 1912-இல் விளக்கியவர் லூயி கமீல் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர். தீயைப் பெரிதாக்கினால் விளிம்பு கருகும், உள்ளே பச்சையாக நிற்கும், சூப் கசக்கும். அடியில் ஒட்டும் பழுப்பைச் சிறிது நீர் தெளித்துச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். சுவையின் உயிர் அதிலேயே உள்ளது.

வெங்காயம் வெல்லப்பாகின் நிறம் பெற்றதும் இரண்டு மேசைக்கரண்டி மைதாமாவைத் தூவி மூன்று நிமிடம் கிளறுக. பின்னர் ஒன்றரை லிட்டர் சுடுசாறு ஊற்றி, அரைமணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுக. பிரெஞ்சுக்காரர் மாட்டெலும்புச் சாறும் வெள்ளைத் திராட்சை மதுவும் சேர்ப்பர். நம் இல்லங்களில் கேரட், காளான், தக்காளி, முட்டைக்கோசுத் தண்டு ஆகியவற்றை வேகவைத்து வடித்த சாறு போதும். மதுவின் புளிப்புக்கு ஈடாகச் சில துளி எலுமிச்சைச் சாறு இறுதியில் இடலாம். புதிதாகப் பொடித்த மிளகு தாராளமாகச் சேர்க்கலாம். ரொட்டித் துண்டுகளை மொறுமொறுப்பாக வாட்டி, துருவிய சீசை மேலே பரப்பி, தோசைக்கல்லில் வைத்து மூடினால் சீஸ் உருகும். அதனைக் கிண்ணத்துச் சூப்பின்மேல் மிதக்கவிட்டுப் பரிமாறுக. ஒரு சிட்டிகை வடவத்தை நெய்யிற் பொரித்து மேலே தூவிப் பார்த்தோம். புதுச்சேரியும் பாரிசும் ஒரு கிண்ணத்திற் சந்தித்தாற்போல் இருந்தது.

ஓர் எழுத்தின் விலை

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தியைச் சொல்லி முடிப்போம்.

அன்று மாலை, முல்லிகட்டானியின் பிறப்பை நாம் விளக்கக் கேட்ட பெண் மிகவும் மகிழ்ந்தாள். உடனே ஒரு குறிப்பேட்டை எடுத்துவந்து, "பாட்டி, உங்கள் வடவக் கணக்கைச் சொல்லுங்கள்" என்று கட்டிலருகே அமர்ந்தாள். ஐந்து கிலோ வெங்காயத்துக்கு இன்னது இவ்வளவு என்று பாட்டியார் சொல்லச் சொல்ல விரைந்து எழுதிக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. ஆதலின் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துக்களிலேயே எழுதினாள். அவ்வீட்டில் ஆண்டுதோறும் வடவம் இட்டவர் பாட்டியாரே. தாயார் பணிக்குச் செல்பவர், அளவு அறியார்.

தை மாதத்தில் பாட்டியார் காலமானார். சித்திரையில் தாயும் மகளும் குறிப்பேட்டைத் திறந்து வடவம் இட முனைந்தனர். உப்பு என்னும் இடத்தில் ஐயம் எழுந்தது. அங்கு எழுதியிருந்தது ஆழாக்கா, உழக்கா? விரைவில் எழுதிய ஆங்கில முதலெழுத்து 'ஏ' போலவும் தோன்றிற்று. 'யு' போலவும் தோன்றிற்று. இரண்டு ஆழாக்கு கொண்டது ஓர் உழக்கு. தமிழ் எழுத்தில் 'ஆ' என்பதையும் 'உ' என்பதையும் எவரும் மயங்கார். குறைவாக இடுவதே நலம் என்று கருதி ஆழாக்கு உப்பு இட்டனர். மூன்றாம் நாள் வானம் மூடிற்று. உப்புப் போதாமல் உருண்டைகள் பூத்துப்போயின. ஐந்து கிலோ வெங்காயமும் வீணாயிற்று. அடுத்த முறை உழக்கு இட்டனர். வடவம் நன்றாகக் காய்ந்து நின்றது. நமக்கும் ஒரு சிறு டப்பாவில் கொடுத்தனுப்பினர். நல்ல வடவமே. பாட்டியாரின் வடவம் இதுதானா என்று சொல்லத்தான் வீட்டில் எவரும் இல்லை.

பெயர் தெரியாத சமையற்காரர்கள் கோட்டை அடுக்களையில் நின்று சொன்ன ஒரு சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் வாழ்கிறது. அவர்களுக்குப் பள்ளி இல்லை, சங்கம் இல்லை, மலர் இல்லை. இவை எல்லாம் உள்ள நம் குடியிருப்பில் ஒரு மூதாட்டியின் சொல் ஐந்து மாதம் பிழைக்கவில்லை. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. எழுதக் கற்பியாதவர் நாமே.

இவ்வாண்டு நம் அன்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமன்று. வீட்டில் மூத்தோர் இருப்பின், அவர்தம் கைப்பக்குவம் ஒன்றையேனும் அவர் சொல்லக் கேட்டு, அவர் வழங்கும் சொல்லிலேயே, தமிழ் எழுத்தில் பிள்ளைகள் கையால் எழுதிவைக்கச் செய்யுங்கள். எழுத்தறியாப் பிள்ளையாயின் அதற்காகவே எழுத்தைக் கற்பியுங்கள். அவ்வில்லத்துப் பெண் அகரத்திலிருந்து எழுதப் பழகத் தொடங்கியுள்ளாள். குறிப்பேட்டின் அப்பக்கத்தைத் தமிழில் திருத்தி எழுதி நமக்குக் காட்டினாள். 'உப்பு, உழக்கு' என்னும் சொற்கள் சற்றே கோணலாக இருந்தன. ஆயின் ஐயமற இருந்தன.